அத்தியாயம் 6: எந்தக் கை கழற்றும்?

சாக்கெட்டின் இரண்டு ஓட்டைகளிலும் உரித்த வயரைச் செருகி, நழுவாமல் இருக்க ஓட்டைக்கு ஒரு தீக்குச்சியை அடைப்பது நம் ஊரில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்த வித்தை. சித்திரைத் திருவிழாச் சமயத்தில் மதுரை மாசி வீதிகளைச் சுற்றி நடந்தால் சீரியல் செட்டுக்கோ, ஜூஸ் கடை மிக்ஸிக்கோ, நீர்மோர்ப் பந்தலின் மைக் செட்டுக்கோ தீக்குச்சியின் தயவில் ஓடும் இணைப்பு ஒன்றாவது கண்ணில் படும். சிரிக்க வேண்டாம். கனெக்டர் செய்ய வேண்டிய வேலையில் பாதியைத் தீக்குச்சி செய்துவிடுகிறது. செம்பைப் பித்தளையோடு விடாமல் அழுத்திப் பிடிக்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் கனெக்டருக்குள் நடப்பது அந்த அழுத்தம்தான்.

தீக்குச்சிக்குத் தெரியாதது மீதிப் பாதி. வயரில் யாரோ கால் தடுக்கினால் எது முதலில் கழன்று வரவேண்டும், கழன்ற முனை யார் மேல் படும், இருட்டில் திரும்ப மாட்டுகிறவர் எந்த வயரை எந்த ஓட்டையில் விடுவார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. எனக்கும் பல வருஷம் தெரிந்திருக்கவில்லை.

வாடிப்பட்டிப் பக்கம் என் மாமாவுக்கு மல்லித் தோட்டம் இருக்கிறது. கிணற்றில் நீர்மட்டத்தையும் மண்ணின் ஈரத்தையும் பார்த்து, தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் ஒரு சின்னப் பெட்டியை அவருக்காகச் செய்துகொடுத்தேன். மேசையில் அருமையாக வேலை செய்தது. சென்சார்களைப் போர்டோடு சேர்க்க, மேசையில் இருந்த அதே ஜம்பர் வயர்களையே போட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் போன் வந்தது. "மாப்ள, உன் பெட்டி ஸ்டிரைக் பண்ணுதுடா." போய் வயரைக் கழற்றி மாட்டினேன், ஓடியது. அடுத்த வாரம் மறுபடி நின்றது. அதற்கடுத்த தடவை நான் போவதற்குள், மருந்தடிக்க வந்தவர் இடைஞ்சலாக இருக்கிறதே என்று ஈர சென்சாரைக் கழற்றி வைத்து, வேலை முடிந்ததும் பொறுப்பாகத் திரும்ப மாட்டியிருந்தார், தலைகீழாக. சென்சார் கருகிவிட்டது.

மாமா அவரைத் திட்டவில்லை. என்னைத்தான் கேட்டார். "திருப்பி மாட்டுனா எரியுற மாதிரி ஏன்டா செஞ்ச?"

இந்தக் கேள்வியை எந்த டேட்டாஷீட்டும் கேட்பதில்லை. கனெக்டர் வாங்கப் போகிறவர் வழக்கமாக ஆம்பியரில் ஆரம்பிக்கிறார், பிறகு வோல்ட், பிறகு விலை. அதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது, இதை எந்தக் கை கழற்றும் என்பது. ஒரு கையும் கழற்றப் போவதில்லை என்றால் கனெக்டரே வேண்டாம், வயரை நேராகப் போர்டில் சால்டர் செய்துவிடுங்கள். பழுதாகவே ஆகாத கனெக்டர், நீங்கள் வைக்காமல் விட்ட கனெக்டர்தான். உங்கள் கை மட்டும், உங்கள் மேசையில், டியூப்லைட் வெளிச்சத்தில் கழற்றும் என்றால் எது வேண்டுமானாலும் போடலாம். அடுத்தவர் கை கழற்றும் என்றால் ஒரு பக்கமாக மட்டுமே நுழையக்கூடியது வேண்டும். அந்தக் கை ஈரமாகவோ அவசரத்திலோ இருக்கும் என்றால், நுழைந்ததும் 'டிக்' என்று பூட்டிக்கொள்வது வேண்டும்.

கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது

டவுன்ஹால் ரோட்டில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் நின்று, இணையத்தில் படித்த பெயரைச் சொன்னால் கடைக்காரர் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். நம் கடைகளுக்கென்று ஒரு அகராதி இருக்கிறது. அதைக் கற்றுக்கொண்டால் அரை நாள் மிச்சம்.

போர்டில் வரிசையாகக் கம்பி கம்பியாக நிற்பதன் பெயர் பெர்க் ஸ்ட்ரிப். ஒரு பின்னுக்கும் அடுத்ததற்கும் 2.54 மி.மீ. இடைவெளி, அதாவது ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. பழைய ஐ.சி.களின் கால் இடைவெளியும் அதுதான் என்பதால் பிரெட்போர்டு, வெரோபோர்டு எல்லாம் இந்த அளவிலேயே வருகின்றன. பெர்க் என்பது ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பெயர். 1972-இல் அதை டுபான்ட் வாங்கியது. 1993-இல் விற்றுவிட்டது. 1998-இல் எஃப்.சி.ஐ. கைக்கும், 2016-இல் ஆம்பினால் கைக்கும் போனது. முதலாளி மாறிக்கொண்டே போனாலும், நம் கடைகளில் கம்பிக்குப் பெர்க் என்ற பெயரும், அதில் மாட்டும் ஜம்பர் வயருக்கு டுபான்ட் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டன. இரண்டும் ஒரே வீட்டுப் பெயர்கள் என்று தெரியாமலே தினமும் ஒன்றை இன்னொன்றில் மாட்டுகிறோம்.

பெர்க் ஸ்ட்ரிப்புக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது, பூட்டும் கிடையாது. மேசைக்கு ஏற்ற சாமான். மாமா தோட்டத்துக்கு நான் போட்டது இதைத்தான். வேறு வழியில்லாமல் இதையே போட வேண்டி வந்தால் ஒரு தந்திரம் உண்டு. மூன்று பின் இணைப்பில் பிளஸ்ஸை நடுவில் வையுங்கள். தலைகீழாக மாட்டினாலும் பிளஸ் பிளஸ்ஸிலேயே இருக்கும், மைனஸும் சிக்னலும்தான் இடம் மாறும். பெரும்பாலும் ஒன்றும் எரியாது, வேலை செய்யாமல் நிற்கும், அவ்வளவுதான். பொம்மை விமானங்களுக்கு வரும் சர்வோ மோட்டார்களில் சிவப்பு வயர் நடுவில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நான் வைத்த வரிசை பிளஸ், சிக்னல், மைனஸ். எரியாமல் என்ன செய்யும்?

அதே 2.54 இடைவெளியில், முதுகில் ஒரு பிளாஸ்டிக் தகடு நிமிர்ந்து நிற்க, ஒரு பக்கமாக மட்டும் மாட்டும் வெள்ளைச் சாமானைக் கடையில் ரிலிமேட் என்பார்கள். வெளிநாட்டுப் புத்தகங்களில் இந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. மோலெக்ஸ் கே.கே. என்று அங்கே எழுதியிருப்பதோடு நெருங்கிய உறவு. பழைய டி.வி., யு.பி.எஸ்., ஸ்டெபிலைசர் போர்டுகளைப் பிரித்திருந்தால் இதைப் பார்த்திருப்பீர்கள். மதுரையில் இருந்துகொண்டு ஒரே ஒரு வகைக் கனெக்டரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாராவது கட்டளையிட்டால் ரிலிமேட்டைத்தான் எடுப்பேன். வயரோடு கிரிம்ப் செய்தே கிடைக்கிறது. பெர்க் ஸ்ட்ரிப்புக்குப் போட்ட ஓட்டையிலேயே உட்காருகிறது. இன்னொரு போர்டுக்கு அவசரமாகத் தேவைப்பட்டால் பழைய போர்டிலிருந்து கழற்றியும் எடுக்கலாம்.

திருகாணி வைத்து இறுக்கும் பச்சை அல்லது நீலக் கட்டை பி.பி.டி. அது கட்டையின் உடம்பு செய்யப்பட்ட பிளாஸ்டிக்கின் பெயர், கடையில் சாமானின் பெயராகிவிட்டது. 5.08 மி.மீ. இடைவெளியில் வருவதுதான் சாதாரணம். இரண்டு பின், மூன்று பின் கட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் கோத்து நீட்டிக்கொள்ளலாம்.

தட்டையான ரிப்பன் கேபிளும் அதைக் கடித்துப் பிடிக்கும் கறுப்புத் தலையும் எஃப்.ஆர்.சி. போர்டில் அதற்கு வைக்கும் பெட்டியின் ஒரு பக்கத்தில் வெட்டு இருக்கும். சிவப்புக் கோடு உள்ள வயர் ஒன்றாம் பின்னுக்கு. எட்டு வயரோ பத்து வயரோ ஒரே சமயம் போகவேண்டிய இடத்தில் இதைவிட மலிவான நிம்மதி இல்லை. ஒவ்வொரு வயராக உரிக்கவே வேண்டாம், வைஸில் வைத்து ஓர் அழுத்து போதும்.

கடைசியாக ஜே.எஸ்.டி. இது 1957-இல் தொடங்கிய ஜப்பானிய நிறுவனத்தின் பெயர். "ஜே.எஸ்.டி. குடுங்க" என்று மட்டும் கேட்பது, ஜவுளிக்கடையில் "துணி குடுங்க" என்று கேட்பது மாதிரி. அந்த வீட்டில் பிள்ளைகள் அதிகம். எக்ஸ்.ஹெச். என்றால் 2.5 மி.மீ., பி.ஹெச். என்றால் 2.0, எஸ்.ஹெச். என்றால் 1.0, தடித்த வி.ஹெச். என்றால் 3.96. கையோடு ஸ்கேலைக் கொண்டுபோய், முதல் பின்னிலிருந்து கடைசிப் பின் வரை அளந்து, நடுவில் உள்ள இடைவெளிகளின் எண்ணிக்கையால் வகுத்துவிட்டுப் பிறகு கேளுங்கள். 2.5-க்கும் 2.54-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். இரண்டு மூன்று பின்னில் ஒன்றும் தெரியாது. பத்துப் பின்னில் ஒன்பது இடைவெளி, கடைசிக் கால் 0.36 மி.மீ. தள்ளி நிற்கும், ஓட்டையில் இறங்காது. நான் அதை அழுத்தி இறக்கி ஒரு போர்டின் செம்பைப் பெயர்த்திருக்கிறேன்.

76 என்றால் என்ன

கனெக்டர் வாங்குகிறவர்கள் எல்லோரும் கோட்டைவிடும் இடம் வயர். கனெக்டரின் டேட்டாஷீட் ஏ.டபிள்யூ.ஜி. என்ற அமெரிக்க அளவில் பேசும். நம் எலக்ட்ரிகல் கடையோ 14/76, 23/76, 40/76 என்று பேசும். இரண்டுக்கும் மொழிபெயர்ப்பு சொல்வார் யாருமில்லை.

14/76 என்றால் 14 இழை. 76 என்பது ஒவ்வோர் இழையின் கனம், 0.0076 அங்குலம், அதாவது 0.193 மி.மீ. கணக்குப் போட்டால் 14/76-இன் செம்புப் பரப்பு 0.41 சதுர மி.மீ. வரும். 23/76 என்றால் 0.67, 40/76 என்றால் 1.17. இனி மறுபக்கம் பாருங்கள். எக்ஸ்.ஹெச். பின் ஏற்றுக்கொள்ளும் மிகத் தடித்த வயர் 22 ஏ.டபிள்யூ.ஜி., அதாவது 0.33 சதுர மி.மீ. பி.ஹெச். பின்னுக்கு 24, அதாவது 0.2 தான். ஆக, கடையில் கிடைப்பதிலேயே மெல்லியது என்று நீங்கள் வாங்கிய 14/76 வயர் எக்ஸ்.ஹெச். பின்னுக்கே பெரிசு. மேலுறையும் தடிமன், ஹவுஸிங்கின் ஓட்டைக்குள் நுழையாது.

அப்போது எல்லோரும் என்ன செய்வோம்? நாலைந்து இழையைக் கட்டரால் நறுக்கி எறிந்துவிட்டு மீதியைத் திணிப்போம். இழை நறுக்கிய இடத்தில் வயர் பலவீனமாகிறது. உறையைப் பிடிக்க வேண்டிய சிறகு மூடாமல் நிற்கிறது. இரண்டு மாதத்தில் அந்த இடத்திலேயே ஒடியும். வயரைப் பார்த்துக் கனெக்டரை எடுப்பதுதான் நேர்வழி. உங்களிடம் இருப்பது 23/76 அல்லது 40/76 என்றால் 3.96 மி.மீ. வி.ஹெச். எடுங்கள், அதன் பின்கள் 1.25 சதுர மி.மீ. வரை ஏற்கும். இல்லையென்றால் பி.பி.டி. எக்ஸ்.ஹெச்.தான் வேண்டும் என்றால் வயரை மாற்றுங்கள்.

சிக்னல் மட்டும் போகிற இடத்துக்கு மலிவான வழி, எஃப்.ஆர்.சி. ரிப்பனைக் கிழித்துப் பயன்படுத்துவது. அதன் ஒவ்வொரு வயரும் 28 ஏ.டபிள்யூ.ஜி., எக்ஸ்.ஹெச்., பி.ஹெச். இரண்டுமே ஏற்கும். மீட்டர் கணக்கில் வாங்கலாம், நிறமும் பிரிந்து கிடைக்கும். லேன் கேபிளைப் பிரித்து எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவருக்குள் போகும் வகையில் ஒவ்வொரு வயரும் ஒற்றைக் கம்பி. பி.பி.டி.யில் அழகாக இறுகும். ஆனால் கிரிம்ப் பின்னில் வைத்து ஆட்டினால் ஒடிந்துபோகும்.

கிரிம்ப் பின்னை உற்றுப் பாருங்கள், இரண்டு ஜோடிச் சிறகுகள் இருக்கும். முன் ஜோடி செம்பை அணைக்க, பின் ஜோடி உறையைப் பிடிக்க. மின்சாரம் முன் ஜோடியின் வேலை, ஆயுள் பின் ஜோடியின் வேலை. மூக்குக் குறடால் நசுக்கினால் செம்பின் இழைகளுக்கு நடுவே காற்று தங்கும். சரியான அச்சு உள்ள கிரிம்பர் இரண்டு சிறகுகளையும் உள்ளே சுருட்டி இறக்கி, இழைகளுக்கு நடுவே காற்றுப் புகாதபடி குளிர்நிலையிலேயே ஒட்டவைத்துவிடும். பெர்க், ரிலிமேட் அளவுகளுக்கு எஸ்.என். 28பி என்ற சீனக் கிரிம்பர் போதும். பி.ஹெச். மாதிரிச் சின்னவற்றுக்கு இஞ்சினியர் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பி.ஏ. 09 கையில் இருந்தால் வாழ்க்கை சுகம். வருஷத்துக்கு ஐந்தாறு போர்டு செய்கிறவருக்கு இரண்டுமே தேவையில்லை. வயரோடு கிரிம்ப் ஆகிவரும் ரிலிமேட்டை வாங்கி மறுமுனையைச் சால்டர் செய்துகொள்ளுங்கள். எப்படிச் செய்தாலும் முடித்ததும் வயரைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டுங்கள். கையோடு வருவதென்றால் இப்போதே வந்துவிடட்டும்.

கிரிம்ப் செய்த பின்னின் மேல் 'பத்திரத்துக்கு' கொஞ்சம் ஈயம் வைப்பது நம் ஊர்ப் பழக்கம். வேண்டாம். ஈயம் இழைகளுக்குள் ஏறி, அது நிற்கிற எல்லையில் வயரை விறைப்பாக்கிவிடும். ஆட்டம் எல்லாம் அந்த ஒரே கோட்டில் குவியும், அங்கேதான் ஒடியும். பி.பி.டி.யில் செருகும் முன் இழைகளை முறுக்கி ஈயம் பூசுவது அதைவிட மோசம். ஈயம் மென்மையான உலோகம், திருகாணியின் அழுத்தத்தில் நாள்பட மெல்ல நழுவி விலகும். இன்று இறுக்கியது மூன்று மாதத்தில் தளரும், தளர்ந்தது சூடாகும். இழைகள் பிரிகின்றன என்று கவலையாக இருந்தால் கண்ட்ரோல் பேனல் செய்கிறவர்கள் போடுகிற குழல் மாதிரியான பின் லக்கைப் போட்டு அழுத்திச் செருகுங்கள்.

கழற்றி மாட்டினால் ஏன் சரியாகிறது

தோட்டத்துப் பெட்டி முதல் இரண்டு தடவை ஏன் நின்றது என்று சொல்லவில்லை. பெர்க் கம்பியில் தகரப்பூச்சு. மோட்டார் ஸ்டார்ட்டர் விழும்போதெல்லாம் பெட்டி மாட்டியிருக்கும் சுவர் 'தட்' என்று அதிர்கிறது. ஒவ்வோர் அதிர்விலும் கம்பியும் ஸ்பிரிங்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு உரசுகின்றன. உரசிய இடத்தில் புதுத் தகரம் வெளியே வருகிறது, காற்றுப் பட்டு ஆக்ஸைடு ஆகிறது, அடுத்த அதிர்வில் அந்தத் தூளும் அதே இடத்திலேயே மசிகிறது. நாளாக ஆக இரண்டு உலோகத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய துகள்மெத்தை. சிக்னல் செத்துவிடும். கழற்றி மாட்டும்போது அந்த மெத்தை வழித்தெடுக்கப்படுகிறது, உடனே ஓடுகிறது. டி.வி. ரிமோட்டில் தொடங்கி கம்ப்யூட்டர் மெமரி வரை "ஒரு தடவை கழட்டி மாட்டிப் பாரு" என்ற நம் வைத்தியத்துக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான். ஆனால் அது வைத்தியமல்ல, தவணை.

அதிர்வு உள்ள இடத்தில் தங்கப்பூச்சு உள்ளதைப் போட்டுப் பாருங்கள், அல்லது ஆட்டமே இல்லாமல் பூட்டும் வகையைப் போடுங்கள். ஒரு பக்கம் தங்கம், மறுபக்கம் தகரம் என்று கலக்க வேண்டாம். தங்கத்தின் மேல் தகரத்தூள் அப்பி இரண்டு தகரத்தைவிட மோசமாகும்.

இப்போது ஆம்பியருக்கு வரலாம். எக்ஸ்.ஹெச்.க்கு 3 ஆம்பியர், பி.ஹெச்.க்கு 2, எஸ்.ஹெச்.க்கு 1, வி.ஹெச்.க்கு 10 என்று நிறுவனம் எழுதியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் உரிய தடித்த வயரை அசல் பின்னில் போட்டால்தான் அந்தக் கணக்கு. எக்ஸ்.ஹெச். டேட்டாஷீட்டில் இன்னொரு வரியும் உண்டு. வெப்ப எல்லை 85 டிகிரி, மின்சாரம் ஓடுவதால் ஏறும் சூட்டையும் சேர்த்து. வெளியே 25 டிகிரி இருக்கும் ஊரில் கனெக்டருக்கு 60 டிகிரி வரை சூடேற இடமிருக்கிறது. சித்திரை வெயிலில் நம் ஊரில் வெளியே 40, தகரப் பெட்டி வெயிலில் நின்றால் உள்ளே அதற்கும் மேல். அந்த இடத்தை வெயிலே பாதி தின்றுவிடுகிறது. அதனால் வெளியில் நிற்கும் பெட்டிக்கு, எழுதியிருக்கும் ஆம்பியரில் பாதியைத்தான் நான் கணக்கில் எடுப்பேன். சந்தைக் கடையில் பெயர் தெரியாத நகல் சாமான் என்றால் அதிலும் பாதி.

சூடு எவ்வளவு என்று நீங்களே பார்க்கலாம். ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, தொடும் இடத்தின் ஓம் அளவால் பெருக்குங்கள். நல்ல எக்ஸ்.ஹெச். தொடுப்பு பழையதானாலும் 0.02 ஓமுக்குள் இருக்க வேண்டும். 3 ஆம்பியருக்கு 0.18 வாட், பரவாயில்லை. தளர்ந்துபோன ஜம்பர் வயரில் 0.1 ஓம் என்று வைத்தால் 0.9 வாட். கால் வாட் ரெசிஸ்டரில் 0.9 வாட் விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். எல்.ஈ.டி. ஸ்ட்ரிப்புக்கு ஜம்பர் வயரில் 5 ஆம்பியர் கொடுக்கிறவர்களின் மேசையில் ஒரு வாசனை வருமே, அதுதான்.

5 ஆம்பியருக்கு மேல் பேட்டரியிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் பேச்சே வேண்டாம், மஞ்சள் நிற எக்ஸ்.டி. 30, எக்ஸ்.டி. 60 வகைக்குப் போய்விடுங்கள். ட்ரோன்காரர்கள் வைத்திருப்பது. ஒரு பக்கம் சீவியிருப்பதால் திருப்பி மாட்ட வராது. பெண் பக்கம் எப்போதும் பேட்டரியில் இருக்கட்டும். உயிருள்ள கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

லித்தியம் பேட்டரியோடு வரும் சின்ன வெள்ளை பி.ஹெச். தலையை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். ஒரு பக்கமாகத்தான் மாட்டும், உண்மை. ஆனால் எந்தப் பக்கம் பிளஸ் என்பதற்கு உலகப் பொது விதி எதுவும் இல்லை. ஒரு கடையின் பேட்டரி இன்னொரு கடையின் போர்டில் ஒழுங்காக நுழைந்து இறுக உட்கார்ந்துகொண்டு போர்டை எரிக்கும். மல்டிமீட்டரால் பார்த்துவிட்டு மாட்டுங்கள். வண்ணத்தையும் நம்ப வேண்டாம்.

டி.சி. ஜாக் பற்றியும் அதே எச்சரிக்கை, வேறு காரணத்துக்கு. வெளி விட்டம் 5.5 மி.மீ. என்பதில் இரண்டு ஜாதி உண்டு, உள்ளே இருக்கும் ஊசி 2.1 அல்லது 2.5. சி.சி.டி.வி. கேமராவின் 12 வோல்ட் அடாப்டர் 2.1. 2.5 தலையை 2.1 ஊசியில் மாட்டினால் நுழையும், தொட்டும் தொடாமலும் ஆடும். ரௌட்டர் விட்டு விட்டு அணைகிறது என்று கம்பெனிக்கு போன் போடும் முன் அடாப்டர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

யு.எஸ்.பி. சி-யைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. போனை எல்லோரும் தினமும் கழற்றி மாட்டுகிறோம், 10,000 தடவைக்குக் கணக்குப் போட்டுச் செய்யப்பட்டது. எக்ஸ்.ஹெச். மாதிரியானவை சில பத்துத் தடவைக்குத்தான். உங்கள் போர்டில் சி வைக்கிறீர்கள் என்றால் இரண்டு சி.சி. பின்னுக்கும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரை மைனஸுக்குப் போட மறக்காதீர்கள். அது இல்லாத மலிவுப் போர்டுகள்தான் பழைய கேபிளில் ஓடி, இரண்டு பக்கமும் சி உள்ள கேபிளில் ஓடாமல் மானத்தை வாங்குகின்றன. உடம்பின் கால்கள் போர்டைத் துளைத்து இறங்கும் வகையாக வாங்குங்கள். மேலே ஒட்டி நிற்பது ஒரு நாள் செம்போடு பெயர்ந்து வரும்.

வீட்டுக் கரண்டும் வயல்வெளியும்

230 வோல்ட்டை பெர்க், ரிலிமேட், ஜே.எஸ்.டி. எக்ஸ்.ஹெச். எதிலும் கொண்டுபோக வேண்டாம். எக்ஸ்.ஹெச். டேட்டாஷீட்டில் 250 வோல்ட் என்று அச்சிட்டிருப்பார்கள், அது சுத்தமான தொழிற்சாலைப் பெட்டிக்குள். நம் பெட்டிக்குள் புழுதியும் எறும்பும் குடியேறும். ரிலே தொடுப்புக்கு நடுவே எறும்பு நசுங்கிக் கிடப்பதையும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பல்லி கருகிக் கிடப்பதையும் பார்க்காத எலக்ட்ரீஷியன் இந்த ஜில்லாவில் இருக்க மாட்டார். 5.08 பி.பி.டி. தான் குறைந்தபட்சம். வீட்டுக் கரண்டு வரும் கட்டையையும் 5 வோல்ட் கட்டையையும் போர்டின் எதிரெதிர் ஓரங்களில் வையுங்கள், வேறு வேறு நிறத்தில்.

பம்ப் மோட்டாரை ரிலே மாட்யூலில் நேராக மாட்டவே கூடாது. ரிலேயின் தலையில் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், ஆனால் மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். உங்கள் போர்டு ஸ்டார்ட்டரில் உள்ள கான்டாக்டரின் கொயிலை மட்டும் தொடட்டும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. விவசாய மூன்று ஃபேஸ் ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் கொயில் இரண்டு ஃபேஸுக்கு நடுவே, அதாவது 415 வோல்ட்டில் நிற்கிறது. 250 வோல்ட் ரிலேயும் சின்ன பி.பி.டி.யும் அதற்கானவை அல்ல. கொயிலை 230 வோல்ட் வகைக்கு மாற்றித்தரச் சொல்லி, அந்த வேலையை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். நான் விட்டுவிட்டேன்.

வெளியே போகும் சென்சார் வயருக்குப் பல நாள் எதெதையோ தேடினேன். ஜி.எக்ஸ். 16 என்று உருண்டையாக, திருகிப் பூட்டும் உலோகத் தலை பார்க்கக் கம்பீரமாக இருக்கும். மழை தாங்காது. எம்.12 தாங்கும், விலையைக் கேட்டு மாமாவிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. கடைசியில் விடை டவுன்ஹால் ரோட்டில் கிடைக்கவில்லை, டூவீலர் ஸ்பேர் கடையில் கிடைத்தது. மெக்கானிக்குகள் கப்ளர் என்று சொல்வார்கள். அதிலும் ரப்பர் வளையம் போட்ட வாட்டர்புரூஃப் கப்ளர். வண்டியின் ஹெட்லைட்டுக்கு அடியில் மழை, சேறு, அதிர்வு, வெயில் எல்லாவற்றையும் வருஷக்கணக்கில் தாங்குவதற்காகச் செய்தது. ஒரு பக்கமாக மட்டும் மாட்டும், 'டிக்' சத்தம் கேட்கும், ஈரக் கையால் கழற்றலாம். 1911-இல் டி.வி.எஸ். பிறந்த ஊரில் வாகனச் சாமான் கடைக்குப் பஞ்சமா என்ன? எலக்ட்ரானிக்ஸ் புத்தகம் படித்தவன் வாகனக் கடைக்குப் போக யோசிக்காததுதான் பிரச்சினை.

தோட்டத்தில் சோலார் பேனல் இருந்தால் அதன் முதுகில் தொங்குவது எம்.சி. 4. மல்டி கான்டாக்ட் என்ற நிறுவனத்தின் முதலெழுத்துகள், 4 மி.மீ. ஊசி. கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் மின்நிலையம் மாதிரியான இடங்களிலும் பேனலுக்குப் பேனல் கைகோப்பது இந்தக் குடும்பத்துச் சாமான்தான். இதில் இரண்டே எச்சரிக்கை. வெயிலில் கரண்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கழற்ற வேண்டாம், டி.சி. பொறி அணையாமல் இழுபடும், கை வெந்துவிடும். ஒரு கம்பெனி ஆணை இன்னொரு கம்பெனி பெண்ணில் மாட்ட வேண்டாம். மாட்டும், பூட்டும், ஒரு கோடையில் உருகும்.

பெட்டிக்குள் வயர் நுழையும் ஓட்டையைப் பெட்டியின் அடியில் போடுங்கள், கேபிள் கிளாண்டு வைத்து இறுக்குங்கள். நுழைவதற்கு முன் வயர் ஒரு சாண் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். மழைத்தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பெட்டிக்குள் வராது. அதே ஒரு சாண், நாளைக்குத் தலை ஒடிந்தால் வெட்டிப் புதுத் தலை போடவும் உதவும்.

மாமாவின் பெட்டியில் இப்போது உள்ளே ரிலிமேட், வெளியே கப்ளர். ஈர சென்சாருக்கு இரண்டு பின் பெரிய கப்ளரும் கிணற்று மிதவைக்கு வேறு அளவுக் கப்ளருமாகப் போட்டிருக்கிறேன், ஒன்றை இன்னொன்றில் மாட்ட முடியாதபடி. ஈர சென்சாரையும் அதற்காக இரண்டு வயரில் ஓடும் வகைக்கு மாற்றிவிட்டேன். மூடியின் உட்புறம் ஒரு பிளாஸ்டிக் கவரில் மாற்றுக் கப்ளர் ஒரு ஜோடி, கிரிம்ப் செய்த வயரோடு. மருந்தடிக்க வருகிறவர் வாராவாரம் கழற்றுகிறார், மாட்டுகிறார். போன வாரம் போனபோது, கப்ளர்களில் நான் எஸ்1, எஸ்2 என்று அச்சடித்து ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களின் மேல் மாமா பால்பாயின்ட் பேனாவால் 'கீழ்வயல்', 'கெணறு' என்று எழுதி வைத்திருந்தார்.